எந்தப் பொட்டி நல்ல பொட்டி?

வாடா கண்ணு, திண்ணையில உக்காரு. சாமைக்கும் தினைக்கும் வித்தியாசம் தெரியாத பய, கைநாட்டுக் கிழவன்கிட்ட வந்து மேக்கா விண்டோஸான்னு ரோசனை கேக்கறே. சொல்றேன், காசா பணமா.

முதல்ல அந்த மேசைக் கம்ப்யூட்டர் ஆசையை விடு. காரவள்ளியைத் தாண்டினா நம்ம கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறறதுக்குள்ள மனுசனுக்கே குடல் வாய்க்கு வருது. உன் மானிட்டர் யார் மடியில உக்காந்து வரும்? வந்து சேந்தாலும், ஆடிக் காத்துல சில்வர் ஓக் கிளை முறிஞ்சு கரண்டுக் கம்பியில விழுந்துச்சுன்னா, லைன்மேன் வர்ற வரைக்கும் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சு மாலை போடலாம்.

மேக்கா? கடிச்ச பழம் படம் போட்டதுதானே. சோளக்காட்டுச் சந்தையில கடிச்ச பழத்தை ஆடுகூட மோந்து பாத்துத்தான் தின்னும், நீ லட்சத்துக்கிட்டக் குடுக்கறேங்கறே. நல்ல பொட்டிதான், குத்தம் சொல்லல. 2020-ல சொந்தமா எம் 1 சிப்பு போட்டதுல இருந்து பேட்டரி பொழுதன்னிக்கும் நிக்குதாம். ஆனா அதுல ராம் 8 ஜிபின்னு வாங்கினா சாகற வரைக்கும் 8தான். தானியக் குதிரைக் கட்டறப்பவே பெருசாக் கட்டணும்டா, வெள்ளாமை வந்தப்புறம் இழுத்து நீட்ட முடியாது. அதுவும் போக, நீ படிக்கறது பி.காம். உங்க வாத்தியார் நடத்தற டாலி கணக்கு சாப்ட்வேர் மேக்குல நேரா ஓடாது. இது தெரியாமயா இத்தனை நாள் காலேஜ் போனே?

விண்டோஸா? உங்கக்கா பன்னெண்டாவது படிக்கறப்ப வாங்கினாளே, 2011-ல ஜெயலலிதா ஆரம்பிச்ச திட்டத்து லேப்டாப்பு. தொறந்தா ரெண்டு வாசல் இருக்கும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு சி-டாக்காரங்க நம்ம நாட்டுலயே செஞ்ச பாஸ் லினக்ஸ். பேருதான் பாஸ், ஒருத்தனும் அவன்கிட்ட வேலைக்குப் போகல. எல்லாரும் விண்டோஸ் வாசல்லயே சினிமா பாத்தீங்க. இப்ப என்னாச்சு? விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபர் 14-ஓட கைகழுவிட்டான். 11-ஆவது கிழட்டுப் பொட்டிக்குள்ள காலே வெக்க மாட்டேங்குது. செம்மேட்டுப் பையன் ஒருத்தன் அதுல புது லினக்ஸ் ஏத்திக் குடுத்தான். பேட்டரி செத்துப்போச்சு, வயரைச் செருகினாத்தான் மூச்சு விடும். ‘ஏ’ பொத்தான் கழண்டுபோன குழியில தீக்குச்சியை விட்டு அமுக்கறேன். மிளகு விலை பாக்க அது போதும். ஏன் முழிக்கறே? கைநாட்டுன்னா கண்ணும் தெரியாதா?

டேப்பு ஒண்ணே எல்லாத்துக்கும் போதும்னு உன் கூட்டாளி சொல்றானாக்கும். நம்ம மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சானாம். அது அம்போட பவிசு இல்லடா, எய்தவன் பவிசு. நீ அந்தக் கண்ணாடியை விரலால தடவித் தடவி பேரேடு எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கருமாதியே முடிஞ்சிரும்.

2025 தமிழ்நாடு பட்ஜெட்டுல 20 லட்சம் காலேஜ் புள்ளைங்களுக்கு லேப்டாப்போ டேப்போ தர்றோம்னாங்களே, உன்னையும் எது வேணும்னு கேட்டா யோசிக்காம லேப்டாப்புன்னு எழுது. டாலிக்காகத்தான் சொல்றேன். அப்புறம், உங்கக்காவுக்குக் குடுத்த மாதிரியே பையும் சேத்துக் குடுப்பாங்களான்னு விசாரிச்சுச் சொல்லு. பழைய பையில ரெண்டு வருசமா மிளகு போட்டு வெச்சிருக்கேன், அடி கிழிஞ்சு சிந்துது.