காரணம் சொல்லாத கம்பெனியும் காரணம் சொல்லும் ஊரும்

புராடக்ட் மேனேஜர் வேலைக்குச் சுற்றுச் சுற்றாக நேர்காணல் வைப்பார்கள். எல்லாம் முடிந்து காத்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வரும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். ஏன் என்று ஒரு வரி இருக்காது. கேட்கலாமென்றால், அனுப்பிய முகவரியின் பெயரே 'நோ ரிப்ளை'.

எனக்கும் வந்தது. கம்பெனி வாயைத் திறக்காததால், காரணம் சொல்லும் பொறுப்பை எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் ஏற்றுக்கொண்டது. அம்மா கணக்கில் அது நேர்காணல் நடந்த செவ்வாய்க்கிழமை மூணு மணி ராகுகாலம். டீக்கடை மாஸ்டர் கணக்கில் சிபாரிசு. சிதம்பரத்து மாமா தாலுகா ஆபீசில் கோப்பு எழுதியே ரிட்டையர் ஆனவர். போனில் முறைப்படி விசாரணை நடத்தினார்.

"மேனேஜர்னா உனக்குக் கீழ எத்தனை பேரு?"

"யாரும் இல்ல மாமா."

"கையெழுத்து போடுற அதிகாரம்?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்னடா வேலை அது?"

"எல்லார்கிட்டயும் பேசி, எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுன்னு முடிவு பண்ணணும்."

"அதை உங்க அத்தை முப்பது வருஷமா சம்பளம் இல்லாம பண்றா."

என் சந்தேகமெல்லாம் பீரங்கி மேல்தான். "ஒரு புராடக்டின் எல்லையை எப்படி நிர்ணயிப்பீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டார்கள். கடலூர்க்காரனாகப் பதில் சொன்னேன். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா, நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டான். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. "மீட்டிங்கிலும் அப்படித்தான் சார், யார் குரல் தூரமாகப் போகிறதோ அவர் சொன்னதுதான் எல்லை" என்று முடித்தேன். திரையில் ஒரு முகமும் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

எச்.ஆரில் இருக்கும் நண்பன் பீரங்கிக்கு விடுதலை வாங்கித் தந்தான். "காரணம் சொன்னா அதைப் பிடிச்சுக்கிட்டு எவனாவது கேஸ் போடுவான்னு லீகல் டீமுக்குப் பயம். பாதி நேரம் சொல்றதுக்குக் காரணமே இருக்காதுடா. உள்ளயே ஆள் கிடைச்சிருக்கும், இல்லன்னா அந்த போஸ்ட்டையே நிறுத்தி வெச்சிருப்பாங்க."

மாமா இதை ஏற்கவில்லை. தேவாரத்துக்குப் போய்விட்டார். "அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டாங்க. மிதந்து வந்து உங்க ஊர்லதான் கரையேறினார். கரையேறவிட்டகுப்பம்னு ஊரே இருக்கு. நீ ஒரு மெயிலுக்கு முழுகுறியே!"

நியாயம்தான். ஆனால் அந்தப் பல்லவ மன்னன்கூடக் காரணத்தைச் சொல்லிவிட்டல்லவா கல்லைக் கட்டினான்? சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியது குற்றம். ஓலையில் எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

"சரி, சிதம்பர ரகசியம்னு நெனச்சு விடு" என்றார் மாமா. அதுவும் சரிப்படவில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுகிறார்களே! பொன் வில்வமாலை, அதற்கப்பால் வெட்டவெளி. ஒன்றுமில்லை என்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுக் கொத்சு சாப்பிடப் போகலாம். கம்பெனி ஒன்றுமில்லாததற்கும் திரை போட்டு, திரைக்குக் காவலும் போடுகிறது.

மறுவாரம் அதே கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'எங்கள் நேர்காணல் எப்படி இருந்தது? உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' இரண்டு நட்சத்திரத்தைத் தொட்டு அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. சிவப்பு எழுத்தில் கண்டிப்பு: காரணத்தைக் குறிப்பிடாமல் சமர்ப்பிக்க இயலாது.

படிவத்தை மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று ஆரம்பித்திருக்கிறார். நேற்று ராத்திரி விசாரித்தபோது மூன்றாம் பக்கத்தில் இருந்தார்; இணைப்புகள் தனியாம்.