எங்க வீட்டுல நல்லாத்தானே தெரிஞ்சுது

எங்கள் அச்சகத்துக்கு மாதம் நாலு தடவையாவது வருவார். ஆள் மாறும், பேச்சு மாறாது. சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, விபூதிப் பொட்டலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார்.

“பத்திரிகை டிசைன் எல்லாம் மருமகப்பிள்ளையே முடிச்சிட்டான் தம்பி. ஐடில இருக்கான். நீங்க அடிச்சுக் கொடுத்தா போதும். வேலை மிச்சம் பாருங்க, ரேட்டைப் பார்த்துப் போடுங்க.”

ஃபைலைத் திறப்பேன். ‘திருமணம்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, கே, இசட், கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி ஃபாண்ட்டில் அடித்திருக்கிறது. சரி, பாமினி நம்மிடமும் இருக்கிறதே என்று போட்டால் பெண் வீட்டார் அத்தனை பேரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கட்டம் கட்டமாக நிற்பார்கள். அவர்கள் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவர்கள், யூனிகோடு. ஜாதகம் பொருந்திய குடும்பங்கள்தான், ஃபாண்ட் பொருந்தவில்லை.

அரசாங்கம் 1999-இல் கம்ப்யூட்டர் தமிழுக்கு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடுக்கு வரச் சொன்னது. மருமகப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு இரண்டு சேதியும் இன்னும் போய்ச் சேரவில்லை.

“எங்க வீட்டுல நல்லாத்தானே தெரிஞ்சுது?” என்பார். குரலில் சின்ன சந்தேகம்: இந்தக் கடைக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதோ? சான்றாக, வீட்டுத் திரையைப் படம் பிடித்துவந்த செல்போனைக் காட்டுவார். உண்மைதான், அதில் அழகாக இருக்கும்.

“என்ன ஃபாண்ட்டுன்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”

“தமிழ் ஃபாண்ட்டுதான் தம்பி.”

எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் ஆக்கிக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவேன். சொன்னால் செய்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. மறுநாள் ஓர் எழுத்தும் அசையாமல் வந்திருக்கும். எனக்கே கண் கலங்கும். அப்போதுதான் சொல்வார்: “முகூர்த்தத்தை மட்டும் ஒன்பதரைன்னு மாத்திருங்க. அப்புறம் தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு.”

கர்வ்ஸ் ஆனபின் எழுத்து எழுத்தல்ல, கோடு. கோட்டில் தாய்மாமனை எங்கே சேர்ப்பது? விட்டால் கல்யாணமே நிற்கும்.

கடைசியில் அவருடைய மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் வெளிவரும். பெரியவர் யாரோ நீல மையில், பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் முதல் முகூர்த்தம் வரை பிழையில்லாமல் எழுதியது. அதைப் பார்த்து அரை மணியில் அடித்துவிடுவேன். ப்ரூஃப் கொடுத்தால் தன் பெயரையும் போட்டிருக்கும் பட்டத்தையும் மட்டும் படித்துப் பார்த்து, “பிரமாதம்” என்று கையெழுத்துப் போடுவார்.

பில்லில்தான் நிற்பார்.

“டைப்பிங் சார்ஜ் எதுக்கு தம்பி? அதான் நாங்களே அடிச்சுக் கொண்டாந்தோமே!”

பத்திரிகை அடிக்க வருகிறவர்களே, பென்டிரைவ் இருக்கட்டும். அந்தத் தாளை முதலில் எடுங்கள்.