'அன்பே வா' கோட்டும் வைகாசி வெயிலும்

வாப்பா பேராண்டி, உக்காரு. அந்த முக்காலி ஒரு பக்கம் ஆடும், பாத்து உக்காரு. கல்யாணப் பத்திரிகையை நீட்டுவேன்னு பாத்தா போனை நீட்டுற. சரி, என் கண்ணாடியை எடு. மிஷின் டிராயருக்குள்ள, நூல்கண்டுக்கு அடியில கெடக்கும்.

அட, எம்ஜிஆரு! 'அன்பே வா'. 1966ல வந்துச்சு. ஏவிஎம் காரவுக அவரை வச்சு எடுத்த ஒரே படம், அதுவும் கலர்ல. பக்கத்துல சரோஜாதேவி. இப்ப வெவகாரம் என்னன்னா, அவரு கோட்டு மாதிரி வரவேற்புக்கு உனக்கு ஒண்ணு வேணும், அந்தம்மா சோடிப்பு மாதிரி பொண்ணுக்கு ஒண்ணு வேணும். போட்டோக்காரப் பையன் 'பழைய சினிமா மாதிரி எடுத்துரலாம்ணே'ன்னு சொல்லிட்டான். ரொம்பச் சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்தப் படத்தை எங்கப்பா எடுத்தாக? சிம்லாவுல. உன் கல்யாணம் எங்க? உசிலம்பட்டிக்கு மேக்க, தகரக் கொட்டகை மண்டபத்துல. அதுவும் வைகாசி மாசம்.

கோட்டுன்னா என்னன்னு நெனச்ச? மேல துணி, நடுவுல கேன்வாஸ், உள்ள லைனிங், தோளுக்கு ரெண்டு பேடு. அவரு பனிக்குப் போட்டாரு. நீ அதை மாட்டிக்கிட்டு மேடையில நின்னேன்னு வையி, பந்திக்கு அப்பளம் பொரிக்கத் தனியா அடுப்பு மூட்ட வேண்டாம். உன் முதுகுலயே வச்சு எடுத்துரலாம்.

தாத்தா நக்கல் பண்றேன்னு மூஞ்சியைத் தூக்காத. நான் பண்ணாத கூத்தா? எங்கப்பா பண்ணாத கூத்தா? உன் கொள்ளுத்தாத்தா பாகவதர் கிராப்பு வச்சவரு. பாகவதர் நடிச்சு 1944 தீவாளிக்கு வந்த 'ஹரிதாஸ்', மெட்ராசுல பிராட்வே தியேட்டர்ல மூணு தீவாளி பாத்துச்சு. அந்த மோகத்துல எங்கப்பா முடியைப் பிடரி வரைக்கும் வளத்து, எண்ணெயைத் தேச்சு, சுருட்டிவிட்டுக்கிட்டுத்தான் ஏர் பிடிச்சாரு மனுசன். பாகவதருக்கு முடி இருந்துச்சு, கூடவே குரலும் இருந்துச்சு. எங்கப்பா வாயைத் திறந்தா காளை ரெண்டும் நுகத்தடியை உதறிட்டு நிக்கும்.

பொண்ணு சேலை கேக்குதுன்னியே, அதுல ஒரு கதை இருக்கு. 1959ல 'கல்யாணப் பரிசு' வந்துச்சு. அதுலயும் சரோஜாதேவிதான். ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் டூரிங் டாக்கீசுல தரை டிக்கெட்டு எடுத்து, மணலைக் குமிச்சு உக்காந்து பாத்துட்டு வந்தாக. மறுவாரம் சின்னாளபட்டிச் சேலை மூட்டையோட ஏவாரி வந்தாரு. 'அந்தப் படத்துச் சேலை இருக்கா?'ன்னு எங்காத்தா கேட்டுச்சு. 'இல்லாம வருவனா ஆத்தா'ன்னு வாடாமல்லியில ஒண்ணை உருவிப் போட்டாரு. அடுத்த வீட்டுல எங்கத்தை கேட்டுச்சு. அதுக்குக் கிளிப்பச்சை. கோடி வீட்டுக்கு அரக்கு. மூணு பேரும் தண்ணி எடுக்கக் கிணத்தடியில சேந்தாகளா, வந்துச்சு சண்டை. 'நான் கட்டியிருக்கதுதான் சரோஜாதேவி சேலை'ன்னு எங்காத்தா, 'போடி, உனக்குக் கண்ணு மங்கிருச்சு'ன்னு எங்கத்தை. ஒருத்திக்கும் தோணலை பாரு, அது கறுப்பு வெள்ளைப் படம்! பச்சையும் செவப்பும் திரையில ஒரே சாம்பலாத்தான் தெரியும். மூட்டையில எது விக்காமக் கெடந்துச்சோ அதைத் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டாரு அந்த மகராசன். அதுக்கு மூணு வருசம் முன்னயே, 1956ல, சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை முழுசாக் கலர்ல எடுத்துட்டாக. அப்பறமும் கறுப்பு வெள்ளையே ரொம்ப நாளு ஓடுனதால ஏவாரிக்குப் பொழப்பு ஓடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த வாடாமல்லி எங்காத்தாளுக்கு எடுப்பா இருந்துச்சு. நடிகை கட்டுன நெறம் எதுவோ, இவளுக்கு ஏத்த நெறம் இவளுக்கு வந்து சேந்துச்சு.

இனி என் கூத்துக்கு வா. 1973. 'உலகம் சுற்றும் வாலிபன்'. வாத்தியாரு எம்ஜிஆரு ஹாங்காங்கு, ஜப்பானு, தாய்லாந்து, சிங்கப்பூருன்னு சுத்தி எடுத்தது. ஒசாக்காவுல நடந்த பொருட்காட்சிக்குள்ளயே கேமராவைக் கொண்டு போயிட்டாக. எனக்கு அப்ப இருவது வயசு. கடையில காஜா எடுத்துக்கிட்டு, பட்டன் வச்சுக்கிட்டு இருந்தேன். கத்திரியைத் தொட்டா மாஸ்டர் ஸ்கேலால போடுவாரு. அவரு படத்தை ரெண்டு வாட்டி பாப்பாரு. மொத வாட்டி கதைக்கு, ரெண்டாவது வாட்டி காலருக்கு. பீடிக்கட்டு அட்டையில பென்சிலை வச்சு இருட்டுக்குள்ளயே வரைஞ்சுக்குவாரு. மறுநாள் கடை வாசல்ல வரிசை நிக்கும்.

அவரு வரைஞ்சபடியே தச்சுக் குடுத்தாருன்னு நெனக்காத. அங்கதான் இருக்கு தொழிலு. தோளு ஒடுங்குனவனுக்குக் காலரைச் சின்னதாக்குவாரு. தொப்பை உள்ளவனுக்குப் பக்கத்துல ரெண்டு விரக்கடை விடுவாரு. கழுத்து குட்டையா இருந்தா பட்டியை இறக்கி வெட்டுவாரு. வந்தவன் கண்ணாடியில பாத்துட்டு 'அச்சு அசல் வாத்தியாரு சட்டை மாஸ்டர்'ம்பான். அது அவனோட சட்டைன்னு மாஸ்டருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

நான் அந்தப் புத்தி இல்லாம, மிச்சம் விழுந்த பிட்டுத் துணியில எனக்கு நானே தச்சேன். நாய்க்காது காலரு. காத்தடிச்சா ரெண்டு கன்னத்துலயும் மாறி மாறி அறையும். அதுக்குக் கீழ பெல்பாட்டம், பாட்டம் 28 இஞ்சு. தரையில இழுபட்டுத் தேயாம இருக்க அடி மடிப்புல பழைய ஜிப்பைச் சுத்தி வச்சுத் தைப்போம். நடந்தா கிர்ருன்னு சத்தம் வரும், அதுவும் ஒரு கெத்துதான். உங்கப்பத்தாளைப் பொண்ணு பாக்க அந்தக் கோலத்துலதான் சைக்கிள்ல போனேன். அவுக வீட்டு வாசல்ல, சரியா அவுகப்பா முன்னால, பேண்டைச் செயின் கவ்விப்பிடிச்சு குப்புற விழுந்தேன். மாமனாருதான் அருவாமனையை எடுத்து வந்து பேண்டை அறுத்து என்னை எடுத்தாரு. அப்படியும் பொண்ணைக் குடுத்தாரு, பெரிய மனசு.

உங்கப்பத்தா மட்டும் யோக்கியமா? 1985ல 'பூவே பூச்சூடவா' வந்துச்சு. நதியா வளையலு, நதியா கம்மலு, நதியா கொண்டைன்னு ஊரு அல்லோலகல்லோலப்பட்டுச்சு. ரெண்டு பிள்ளை பெத்தவ, பெரிய பிளாஸ்டிக் வளையலை மாட்டிக்கிட்டுப் பால் பீச்சப் போனா. அது செம்புல பட்டு டங்குன்னுச்சு, மாடு விட்டுச்சு ஒரு உதை. அன்னிக்குப் பூரா வீட்டுல கடுங்காப்பி.

இன்னொரு வெவரமும் கேட்டுக்க. 1977ல '16 வயதினிலே' வந்துச்சு. ஸ்ரீதேவி பாவாடை தாவணியில வந்துச்சு. நம்மூருப் பிள்ளைக களையெடுக்கக் கட்டிட்டுப் போற அதே பாவாடை தாவணிதான். திரையில வந்த பின்னால அதுக்கு வந்த மவுசைப் பாக்கணுமே! அதே படத்துல கமல் சப்பாணியாக் கோவணத்தோட நின்னாரு. அதைப் பாத்துட்டு வந்து எவனாச்சும் 'மாஸ்டர், சப்பாணி மாதிரி ஒண்ணு'ன்னு கேட்டானா? ஒருத்தன் கேக்கலை. சினிமாவைப் பாத்து மயங்கிட்டேம்பான், ஆனா வெவரமாப் பொறுக்கித்தான் மயங்குவான்.

எங்களைக் கவுத்த படமும் உண்டு. 1992ல 'தேவர் மகன்'. லண்டன்ல படிச்சவரா கமல் முடியும் தாடியுமா ரயிலை விட்டு எறங்குவாரு. அப்பன் செத்த பின்னால மீசையும் வேட்டியுமா வந்து நிப்பாரு பாரு, தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு. நானும் நின்னேன். வீட்டுக்கு வந்த பெறகுதான் உறைச்சுச்சு. வேட்டிக்கு ஏதுடா தையக்கூலி? அந்தத் தீவாளிக்குப் பேண்டு தைக்க வந்தவுகளை விரல் விட்டு எண்ணிட்டேன். மீசைக்குக் காஜா எடுக்கவா முடியும்? ரெண்டு வருசத்துல 'நாட்டாமை' வேற வேட்டியோட வந்து சேந்துச்சு.

சரி, கோட்டுக்கு வருவோம். படத்துல அது எப்படிச் சுருக்கமில்லாம நிக்குதுன்னு பாக்குற. நடிகருக்கு முன்பக்கம் சரியா இருந்தாப் போதும், முதுகுல நாலு ஊக்குக் குத்தியிருந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. உன் கல்யாணத்துல உன் முதுகைப் பாக்கத்தான் உங்க சித்தப்பன்மாரு வரிசையா உக்காந்திருப்பாக. கேன்வாசு வேண்டாம், பேடு வேண்டாம். அந்தக் காலரோட வெட்டை மட்டும் எடுத்துக்குவோம். கதர்ல, இல்லேன்னா நல்ல பருத்தியில, லைனிங் பாதி முதுகோட நிக்கட்டும். பொண்ணு கொண்டை போட்டுக்கிரட்டும், சேலை அதுக்குப் பிடிச்ச நெறத்துல இருக்கட்டும். ஏவாரி யாராச்சும் 'இதுதான் அந்தச் சேலை'ன்னு சொன்னா மட்டும் எனக்குப் போன் போடு.

ஞாயித்துக்கெழம வெறும் வயித்தோட வா, அளவெடுக்கணும். சோறு தின்னுட்டு வந்தா இடுப்புல ஒரு இஞ்சு பொய் சொல்லும்.

என்னது, வரவேற்புக்கு நான் என்ன போடப்போறேனா? அந்த டிரங்குப் பெட்டியைத் தெற. மேல கெடக்க வேட்டியை நகத்து. ஆங், அதேதான், நாய்க்காது காலரு. முந்தாநாளே வயித்துப் பக்கம் தையலைப் பிரிச்சு மூணு இஞ்சு விட்டுட்டேன்.