பீரோவா, அம்பத்தூரா?

வெள்ளானூரில் மனை பார்க்க வருகிறவர்கள் வாஸ்து, பட்டா, பஸ் வசதி எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்பது ஒன்றுதான்: "மழைக்குத் தண்ணி நிக்குமா?" புரோக்கர் நிற்காது என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். சுற்றிலும் ஏரிகள் இருக்கிற பக்கம் இது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு பொருளின் மதிப்பு அது வைக்கப்பட்டிருக்கும் உயரத்தில் தெரியும். தரையில் செருப்பு, முட்டி உயரத்தில் அரிசி, இடுப்பு உயரத்தில் டிவி, தலைக்கு மேலே வீட்டுப் பத்திரம்.

போட்டோக்களுக்கு இந்த வரிசையில் எந்த இடம் என்பதில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. மாமனார் கட்சியின் கொள்கை, எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, ஹார்ட் டிஸ்க் பீரோவில் ஏறி, பீரோ சாவி அவர் இடுப்பில் ஏற வேண்டும். மனைவி கட்சிக்கு எல்லாம் ஆன்லைனில் போய்விட வேண்டும். நான் இரண்டு தரப்புக்கும் கேபிள் வாங்கிக் கொடுக்கிற சுயேச்சை.

மாமனார் ஆவடி எச்.வி.எஃப்-பில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டி வந்த ஃபேக்டரி அது. நாற்பது டன் இரும்பைத் தட்டிப் பார்த்துப் பழகியவர், கைக்கு அகப்படாத எதையும் நம்புவதில்லை. "கடவுளை மட்டும் நம்புறீங்களே மாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சிலை இருக்கே மாப்ளே" என்றார்.

அவர் பேச்சிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரும்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை ஓய்ந்த பிறகு சென்னையின் மொட்டை மாடிகளில் வடாமுக்குப் பதில் ஆல்பம் காய்ந்தது. பக்கத்தைப் பிரித்தால் மாப்பிள்ளை இந்தப் பக்கம், மாப்பிள்ளையின் முகம் எதிர்ப்பக்கம். வெள்ளத்தில் போன ஆவணங்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது. பட்டா, மார்க் ஷீட், ரேஷன் கார்டு என்று எல்லாவற்றுக்கும் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தார்கள். சீமந்தப் போட்டோவுக்கு எந்தத் தாசில்தாரைப் பார்ப்பது?

அந்தப் பீரோவைக் கொஞ்சம் திறந்து காட்டிவிடுகிறேன். நடுத்தட்டில், எல்.ஐ.சி. பாண்டுக்கும் பாச்சை உருண்டைக்கும் நடுவில், ஒரு நீலத் துண்டு மூட்டை. அவிழ்த்தால் முதலில் செருப்புப் பெட்டிகளிலிருந்து சேகரித்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கொட்டும். அதற்கு அடியில் ஹார்ட் டிஸ்க். மேலே பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்டில் "குடும்பம் 1. தொடாதே." அதற்கும் கீழே கல்யாண வீடியோவின் விசிடி மூன்று. அதற்கும் கீழே என் மனைவியின் காதுகுத்து, வி.எச்.எஸ். கேசட்டில். அடியோ அடியில் ஃபிலிம் நெகட்டிவ். எதுவும் தொலையவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பார்க்க மட்டும் முடியாது. கேசட்டுக்கு டெக் இல்லை, விசிடிக்கு பிளேயர் இல்லை, நெகட்டிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஸ்டுடியோவில் இருக்கிற பையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எக்ஸ்ரேயா சார்?" என்கிறான்.

பூட்டி வைப்பதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. தேவார ஏடுகளைச் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்டபோது, பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மன்னன் மூவரின் திருமேனிகளையும் கொண்டுவந்து நிறுத்தினான். ஓடிபி கேட்பது ஒன்றும் நேற்று வந்த வழக்கமில்லை. கதவைத் திறந்தால் உள்ளே கறையான் புற்று. இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி சொன்னதாகத் திருமுறை கண்ட புராணத்தில் இருக்கிறது. பேக்கப் போனதற்கு இவ்வளவு கௌரவமான விளக்கம் அதற்கப்புறம் ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

எங்கள் "குடும்பம் 1" போனபோது அசரீரி எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் சொருகியதும் "டிக், டிக், டிக்" என்றது, அவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிடுகிற பத்திரத்தில்தான் மாமனார் வைத்திருந்தார், ஒருநாள்கூடக் கீழே போட்டதில்லை. ரிட்சி தெருவில் ஒரு கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஹெட் போயிருக்கு சார்" என்றார். நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டின் மேல், நானோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு மிதக்கிற ஊசிமுனை மாதிரியான சமாச்சாரம் அது. டாங்கிக்கு உள்ள தைரியம் அதற்குக் கிடையாது. படத்தை மீட்க அவர் சொன்ன தொகைக்கு அதே மனிதர்களை மறுபடி கூட்டி, அதே கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்திவிடலாம்.

"வாரண்டி இருக்கு மாப்ளே" என்றார் மாமனார், வெற்றிப் புன்னகையோடு. இருந்தது. வாரண்டியில் புது டிஸ்க் கொடுத்தார்கள். சுத்தமாக, காலியாக.

ஆட்சி மாறியது. மனைவி கட்சி வந்தது.

ஆன்லைன் கட்சியிடம் சொல்லிக்கொள்ளச் சாதனைகள் இருந்தன. ஆவடி பஸ்ஸில் போன் தொலைந்த மறுநாள், புதுப் போனில் கணக்கைப் போட்டதும் பழைய படங்கள் எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. மாமனாரே எட்டிப் பார்த்தார். ஆனால் நிதி அறிக்கை என்று வந்தபோதுதான் சிக்கல். 2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது தரம் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம். ஊரே போட்டோ எடுத்தது. சாம்பாரை எடுத்தது, அந்தச் சாம்பாரைப் பார்க்கிற நாயை எடுத்தது. 2021 ஜூன் 1-ஆம் தேதி அந்தத் தாராளம் முடிந்தது. இனி மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. பிறகு ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே வந்து உட்கார்ந்தது.

மாமாக்களும் சித்தப்பாக்களும் தினமும் காலையில் ரோஜாப்பூ மேல் "இனிய காலை வணக்கம்" எழுதி அனுப்புகிற தேசத்தில் 15 ஜிபி எந்த மூலைக்கு? இது நம் வீட்டுக் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலிக்கு, போனில் குவிந்திருக்கும் குட் மார்னிங் படங்களை அடையாளம் கண்டு ஒதுக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் கூடி உட்கார்ந்து எங்கள் பெரியப்பாவுக்கு மருந்து கண்டுபிடித்திருக்கின்றன. பெரியப்பா அசரவில்லை. இப்போது வீடியோவாக அனுப்புகிறார்.

இடம் போதவில்லை என்றால் மாதம் 130 ரூபாய் கட்டினால் 100 ஜிபி. அட்வான்ஸ் கேட்காத வாடகை வீடு மாதிரி, உள்ளே போகும்போது சுகமாக இருக்கும், சாமான் சேரச் சேரக் காலி செய்யவே முடியாது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆன்லைனில் ஏற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் போனில் அழித்தால், பல செயலிகளில் அங்கேயும் அழியும். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நாம் நினைப்போம். அது ஒரே படத்தை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது. தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மாள், ஓரகத்தியோடு சண்டை போட்ட வேகத்தில், அவள் இருக்கிற படங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தாள். செயலியின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருந்தன. சண்டை நல்லபடியாகத் தீர்ந்தது, மூன்றாவது மாதம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம் குடும்பச் சண்டையின் சராசரி நீளம் தெரிந்திருக்க வேண்டாமா?

மாமனாரின் ஆட்சேபம் காசைப் பற்றியதே அல்ல. "அது எங்க இருக்கு?" என்பதுதான் அவர் கேள்வி. கிளவுட் என்றால் வானத்தைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்று இருந்தேன். விடவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"உங்க படம் எந்தக் கட்டடத்துல இருக்குன்னு கம்பெனி சொல்லாது மாமா. ஆனா இந்த மாதிரிக் கட்டடம் பாக்கணும்னா ரொம்ப தூரம் போக வேணாம். அம்பத்தூர்லயே இருக்கு."

"எந்த அம்பத்தூர்?"

"நம்ம அம்பத்தூர்தான். எஸ்டேட்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அறுபதுகளில் தொடங்கிய தொழிற்பேட்டை அது. பட்டறைகள் இருந்த பகுதியில் இப்போது டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. என்டிடி கட்டியிருக்கிறது. ரிலையன்ஸும் இன்னும் இரண்டு நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்த டிஜிட்டல் கனெக்ஷன், 2024 ஜனவரியில் பத்து ஏக்கர் வளாகத்தில் திறந்தது, முதல் கட்டமே 20 மெகாவாட். கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதாலும், பெருமளவு மின்சாரம் கிடைப்பதாலும் இங்கே வருகிறார்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. வெள்ளானூரிலிருந்து ஆவடி, ஆவடியில் ரயில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம். இறங்கினால் எஸ்டேட். செருப்பு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மாமனார் கட்சி மாறப்போகிறார் என்றே நினைத்தேன். இரும்பு, கட்டடம், வாட்ச்மேன், பஸ் ரூட், அவர் கேட்ட எல்லாம் இருக்கிறதே! அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்பத்தூர் எஸ்டேட்டா? மிக்ஜாம்ல முட்டி அளவு தண்ணி நின்னுச்சே மாப்ளே" என்றார். 2023 டிசம்பர் புயலில் நின்றதுதான், சிறு தொழில்காரர்கள் மெஷின்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். டேட்டா சென்டருக்குத் தரையை உயர்த்தி, ஜெனரேட்டர் வைத்து, இன்னொரு ஊரிலும் நகல் வைப்பார்கள் என்று விளக்கினேன். "எங்க அப்பா கட்டினதும் உசரமான வீடுதான்" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் செய்தித்தாளைக் கத்தரிக்க ஆரம்பித்தார். 2021 மார்ச் 10-ல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்ததை என் பையனை விட்டுத் தேடி எடுத்தார். பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ், 858 டெராபைட், போய்விட்டது. அளவு ரொம்பப் பெரிது என்று வெளியில் நகல் எடுக்கவில்லையாம். "பீரோ பத்தலைன்னு விட்டிருக்கான்" என்று மாமனார் தீர்ப்புச் சொன்னபோது மனைவியிடம் பதில் இல்லை.

அவள் பக்கத்தில் சொந்தக் கஷ்டமும் இருந்தது. மிச்சம் மீதி தேறிய 200 ஜிபியை ஏற்ற வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் அப்லோடு என்றால் கணக்குப்படி மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். கணக்கில் சேராதது, எங்கள் பக்கம் ரோடு தோண்ட வருகிற ஜேசிபி. அது பைப்பைத் தேடும், ஃபைபர் கிடைக்கும்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் பரப்பிய 3-2-1 என்ற விதி இந்த விவகாரத்தில் வேதம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். விதியைப் படித்ததும் இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று அறிவித்தன. ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று ஆன்லைனில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில். அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறு இடத்தில் வைத்தால்தான் ஏரிக்கும் பயப்பட வேண்டாம், எஸ்டேட்டுக்கும் பயப்பட வேண்டாம் என்று மாமனாரே முன்வந்தார். இடம் ஓசூர். என் தங்கை வீடு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். சென்னைத் தண்ணீர் அங்கே ஏற வேண்டுமென்றால் பிரளயம் வர வேண்டும், வந்தால் சீமந்தப் படத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

மனைவிக்கு இதில் சம்மதமே இல்லை. "கூகுள் பாத்தா பாத்துட்டுப் போகுது, உங்க தங்கச்சி பாக்கக் கூடாது" என்றாள். பாஸ்வேர்டு போடலாம் என்றேன். பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால் அது பேக்கப் இல்லை, பகை. திறந்த டிஸ்க்காகவே கொரியரில் போனது.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பார்கள் கம்ப்யூட்டர்காரர்கள். ஒருவரும் செய்வதில்லை. சிதம்பரத்திலும் செய்யவில்லை, எங்கள் பீரோவிலும் செய்யவில்லை. டிஸ்க் போய்ச் சேர்ந்த வாரமே தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, மொத்தமும் பாத்துட்டோம். 2017 ஏப்ரல் ஃபோல்டர்ல நாலு படம் திறக்க மாட்டேங்குது. 2019 பொங்கல் ரெண்டு தடவை இருக்கு. அண்ணி அந்த மெரூன் பட்டு எப்ப எடுத்தாங்க, சொல்லவே இல்ல?"

எந்த மென்பொருளும் இவ்வளவு விவரமாக அறிக்கை கொடுத்ததில்லை. நாலு படத்தையும் மறுபடி அனுப்பினேன். மெரூன் பட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அது கெடக்கட்டும். கிரகப்பிரவேசப் படம் எல்லாத்துலயும் எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துக்கு மேல இல்ல. டிஸ்க்ல போச்சா, ஆன்லைன்ல போச்சா?"

அன்றைக்குக் கேமராவைப் பிடித்தவர் மாமனார். டிஸ்க்கில்தான் போயிருக்கும் என்று சொல்லிவைத்தேன்.