நீலத் தீ, மஞ்சள் தீ: கேள்வி–பதில்

கே: மார்கழியில்கூட ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர் எங்களுடையது. மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பற்றி நாங்கள் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: உங்கள் ஊரில் குளிர் இல்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் ஊர்களில் இருக்கிறது. தவிர, பரணில் ஒரு பழைய ஸ்டவ் கிடக்கிறதா, பாருங்கள். சிலிண்டர் வரத் தாமதமானால் முதலில் கீழே இறங்குவது அதுதான். அங்கே ஹீட்டர், இங்கே ஸ்டவ். எண்ணெய் ஒன்று, ஆபத்தும் ஒன்று.

கே: மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர்தானாம். இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்குகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ராஜபாளையம்

ப: உங்கள் பயம் சரியானது, அம்மா. இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்: தூங்கப் போகும் முன் அணைத்துவிட வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

அந்த ஹீட்டருக்குப் புகைபோக்கி இல்லை. எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்ளேயே தங்கும். எண்ணெய் எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய அறையில் அது குறையக் குறையத் தீ அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். எழுந்து வெளியே போய்விடலாம். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விழித்திருக்கும்போதும் மணிக்கு ஒன்றிரண்டு முறை ஜன்னலைத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் விடச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள். நிலநடுக்கம் வந்தால் தானே அணையும் பொறி ஜப்பானிய ஹீட்டர்களில் உண்டு. அதை நம்பி மற்றதைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. அங்கே ஹீட்டரால் தீப்பிடிப்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஹீட்டருக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போடுவது. அணைக்காமலே எண்ணெய் டேங்கை உருவி, நிரப்பி, மூடியைச் சரியாகத் திருகாமல் திரும்பச் செருகுவது. மகன் எதையும் செய்வதில்லை என்று சொன்னாலும் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

கே: ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வருமே, பிறகு ஹீட்டர் எதற்கு?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணன்கோவில்

ப: உள்ளே வருகிற குளிருக்குப் போர்வை உண்டு. உள்ளே தங்குகிற வாயுவுக்குப் போர்வை இல்லை.

கே: பால்கோவா கிண்டும் பட்டறைகளில் பகல் முழுக்க விறகு எரிகிறது. அங்கே யாரும் மயங்கி விழவில்லையே?
– ஓர் ஆசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: நல்ல கேள்வி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. காற்று வந்து போக வழி இருக்கும் இடத்தில் வாயு சேர்ந்து நிற்பதில்லை. கிண்டுகிறவர் விழித்தபடி நின்று வேலை செய்கிறார். விறகுப் புகை கண்ணைக் கரித்து எச்சரித்தும் விடுகிறது. நன்றாக எரிகிற ஹீட்டர் அப்படி எச்சரிப்பதில்லை. சுத்தமாகத் தெரிவதுதான் அதன் ஆபத்து. விறகுப் புகை உயிரை உடனே எடுக்காவிட்டாலும் நுரையீரலை விடுவதில்லை. கூரையில் புகைபோக்கி வைக்காத பட்டறைக்காரர்கள் இந்த வருடமாவது வைக்க வேண்டும்.

கே: எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய் இருக்கிறது. விஷ வாயு வந்தால் மோப்பம் பிடித்து எழுப்பிவிடாதா?
– ஏழாம் வகுப்பு மாணவி, ராஜபாளையம்

ப: அந்த வெள்ளை வீரனுக்கு முயல் வாசனை தெரியும், திருடன் வாசனை தெரியும். வாசனையே இல்லாததை எப்படிப் பிடிக்கும், கண்ணு? அதே அறையில் படுத்திருந்தால் அதுவும் மயங்கிவிடும். நாய்க்கும் சேர்த்து ஜன்னலைத் திறந்து வை.

கே: கொடைக்கானல் போகிறோம். அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காயலாமா?
– நண்பர்கள், வத்திராயிருப்பு

ப: வேண்டாம். கங்கு அணைந்த மாதிரி தெரிந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். இப்படி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. வெளியே திறந்த வெளியில் மூட்டுங்கள், அங்கேயே அணையுங்கள், சட்டியை உள்ளே கொண்டுவராதீர்கள்.

கே: பம்ப் ஸ்டவ் பற்றவைத்ததும் மஞ்சளாகக் குபீரென்று எழும்புகிறது. பம்ப் அடித்தால் இன்னும் மோசம். பழுதா?
– டீக்கடைக்காரர், சேத்தூர்

ப: பெரும்பாலும் பழுதல்ல, அவசரம். 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் செய்த பிரைமஸ் ஸ்டவ்வின் வம்சம்தான் உங்களுடையது. அதன் சூட்சுமமே, எண்ணெயை எண்ணெயாக எரிக்காமல் ஆவியாக்கி எரிப்பது. பர்னர் நன்றாகக் காய்ந்தால்தான் அதற்குள் போகும் எண்ணெய் ஆவியாகும். காயும் முன் பம்ப் அடித்தால் எண்ணெய் திரவமாகவே பீறிட்டு மஞ்சள் தீயாக எழும்பும். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். தீ அடங்கி, பர்னர் ஆறி, சிந்தியதைத் துடைத்த பிறகு மறுபடி காயவைத்து ஆரம்பியுங்கள். நீலத் தீ வந்து, இரைச்சல் சீரான பிறகே மெதுவாகப் பம்ப்.

அப்படியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தால் நிப்பிளில் அடைப்பு. ஸ்டவ் பின் போடுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும், அதன்பின் அந்த நிப்பிள் குப்பைக்குத்தான். பம்ப் அடித்தும் அழுத்தம் நிற்காவிட்டால் தோல் வாசர் காய்ந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும், இல்லையென்றால் மாற்றுங்கள். டேங்க் ஈயப்பற்றில் கசிவு தெரிந்தால் சோப்பும் எம்சீலும் அப்பி ஓட்டாதீர்கள். அந்த ஸ்டவ்வுக்கு ஓய்வு கொடுங்கள்.

கே: திரி ஸ்டவ்வில் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. தேய்த்துத் தேய்த்துக் கை போகிறது.
– நூற்பாலைத் தொழிலாளி, ராஜபாளையம்

ப: கரி என்றால் எரியாத எண்ணெய், உங்கள் காசுதான் பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறது. திரிகளின் கருகிய நுனியை வெட்டி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு திரி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒன்றே மொத்தச் சமையலையும் கறுப்பாக்கும். காற்றுத் துளைகளில் அடைந்த கரியைத் தட்டுங்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் தீ படபடக்கும்; சற்று நேரம் தெளியவிட்டு, துணி கட்டிய புனல் வழியே மேலாக ஊற்றுங்கள். இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சி நிலையம் 1977இல் கொண்டுவந்த நூதன் ஸ்டவ் இந்த நாட்டின் ஏழை வீடுகளில் எவ்வளவோ எண்ணெயை மிச்சப்படுத்தியது. அதுவும் திரி ஸ்டவ்தான். தீக்குச் சரியான அளவு காற்று கிடைக்கும்படி வடிவமைத்தார்கள்.

கே: அடுப்பு எரியும்போதே எண்ணெய் தீர்ந்துவிட்டால்?
– இல்லத்தரசி, மல்லி

ப: அணையுங்கள். ஆறவிடுங்கள். பிறகு ஊற்றுங்கள். பிள்ளை பசியில் அழுதாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

இந்தியத் தரவிதி, 35 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் அளவு ஆவி விடாத மண்ணெண்ணெய்யைத்தான் ஏற்கிறது. சித்திரை வெயிலில் நம் பக்கத்துக் காற்றே அதைத் தாண்டுகிறது. சூடான டேங்கில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் இன்னும் மோசம்: பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் ஆவி விடும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று அதில் கால் பங்கு பெட்ரோல் கலப்பவர் வீட்டுக்குள் வெடி வைக்கிறார். சிவகாசிக்கு அருகில் வாழ்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கே: வெளிநாட்டில் கேன் நிறத்தைப் பார்த்து எண்ணெய்யை அறியலாமாமே?
– ஒரு வாசகர், சத்திரப்பட்டி

ப: நாட்டுக்கு நாடு மாறும், கவனம். ஜப்பானில் சிவப்பு பிளாஸ்டிக் கேன் பல இடங்களில் மண்ணெண்ணெய். பெட்ரோலை உலோகக் கேனில்தான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் சிவப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் மண்ணெண்ணெய். ஒரு நாட்டில் பழகிவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறவர் எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். நம் ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருப்பது வேறு காரணத்துக்காக. டீசலில் கலந்தால் தெரிந்துவிடட்டும் என்று சாயம் போடுகிறார்கள்.

கே: குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்கிறார் மாமியார்.
– இளம் தாய், தளவாய்புரம்

ப: உங்கள் மாமியார் அன்பில் சொல்கிறார். ஆனால் கூடவே கூடாது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட நுரையீரலில் செய்வது அதிகம். வாந்தியில் மேலே வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். உப்பு நீர், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். நனைந்த சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108ஐ அழையுங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்; இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரும். இதெல்லாம் நடக்காமல் இருக்க ஒரே வழி, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காமல் இருப்பது. பாட்டிலைப் பார்த்தால் குழந்தைக்குத் தெரிவது கலர்தான்.

அப்புறம், உங்கள் ஊர் நைட்டி தமிழ்நாடு முழுக்கப் போகிறது. அதை உடுத்தி அடுப்பருகே நிற்கும்போது தொங்கலைச் சேர்த்துப் பிடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். நைலான், பாலியெஸ்டர் வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், தரையில் படுத்துப் புரளுங்கள். தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பேஸ்ட், மை, மாவு எதுவும் பூச வேண்டாம்.

கே: அந்தக் காலத்தில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று அடிக்கடி செய்தி வருமே. ஸ்டவ் ஏன் மருமகள்களைப் பார்த்தே வெடித்தது?
– ஓய்வுபெற்ற காவலர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: உங்கள் அனுபவத்தில் விடை உங்களுக்கே தெரியும். அவற்றில் பல, ஸ்டவ் செய்த குற்றம் அல்ல. அதனால்தான் 1986இல் வரதட்சணைச் சாவு என்று தனிக் குற்றமே சட்டத்தில் சேர்ந்தது: 304பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆம் பிரிவு. திருமணமான ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். பழுதான ஸ்டவ் வெடித்துச் செத்தவர்களும் உண்டு, அதனால்தான் மேலே இவ்வளவு எழுதினேன். ஆனால் ஒரு பெண் எரிந்து கிடக்கும்போது ஸ்டவ்வை மட்டும் பரிசோதித்துவிட்டுப் போகக் கூடாது.

கே: பழைய ஸ்டவ்வைப் பரணில் ஏற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

ப: டேங்கைக் காலி செய்யுங்கள். போன வருடத்து எண்ணெய் மஞ்சளாகி நாற்றம் மாறியிருந்தால் அடுப்பில் போடாதீர்கள். திரி கெட்டியாகும், கரி கட்டும். ஹீட்டர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்: ஒரு குளிர்காலத்து எண்ணெய் அடுத்த குளிர்காலத்துக்கு ஆகாது. மிச்சத்தைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். தெரிந்த மெக்கானிக் பட்டறையில் கொடுத்தால் போல்ட், நட் கழுவ வாங்கிக்கொள்வார். திரியை வெயிலில் காயவைத்து, வாசரில் எண்ணெய் தடவி, ஸ்டவ் பின்னை நூலில் கட்டி ஸ்டவ்வோடேயே வைத்துவிடுங்கள். அவசரத்துக்குத் தேடும்போது கிடைக்காமல் போவது அதுதான்.