எனக்கு ஓடுதே!

எல்லாக் குடும்பத்திலும் கல்யாணத்தை முன்னின்று நடத்த ஒரு பெரியப்பா இருப்பார். பந்தி விசாரிக்க ஒரு சித்தப்பா இருப்பார். மண்டபத்தில் கோபித்துக்கொண்டு தனியாக உட்கார ஓர் அத்தை இருப்பார். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தப் பட்டியலில் இன்னொருவர் சேர்ந்திருக்கிறார். கல்யாண வீடியோவைக் காப்பி போட்டு சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே தலையில் போட்டுக்கொள்பவர். அவர் கொடுத்த வீடியோ எந்த வீட்டிலும் திறக்காது. போன் போட்டுச் சொன்னால் மறுமுனையிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "எனக்கு ஓடுதே!"

நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிடும். ஓடுதே மாமா.

மாமாவுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் டிரெய்னிங்குக்கு அனுப்பப்பட்டவர். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ், வண்டிச் சாவியில் இன்னொன்று. இரண்டுக்குமே மூடி இருக்காது. அவருடைய டெஸ்க்டாப்பில் பின்னணியாக எந்தச் சாமி படம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு ஐகான்கள். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ரிசப்ஷன் ஃபைனல்', 'ரிசப்ஷன் ஃபைனல் ஒரிஜினல்' என்று வரிசையாக நிற்கும். கம்ப்யூட்டருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று ஐந்தாறு தடவை அடிப்பார். திரையில் ஐகான்கள் ஒருமுறை கண் சிமிட்டும். வேறு ஒன்றும் நடக்காது. ஆனால் மாமாவுக்கு ஒரு தெம்பு வந்துவிடும்.

இவருக்குப் பரம்பரை உண்டு. கேசட் காலத்திலேயே இவருடைய முன்னோர் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து லீவில் வருகிறவர், பேரன் பிறந்தநாள் கேசட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவருவார். அந்த ஊர் டி.வி. என்.டி.எஸ்.சி. முறை, 525 வரி. நம் ஊர் பி.ஏ.எல்., 625 வரி. இங்கே டெக்கில் போட்டால் பேரன் உருண்டுகொண்டே மேலே போவான், கலரும் இருக்காது. "அங்கே நல்லா ஓடுச்சே!" என்பார். பிறகு டி.வி.டி. வந்தது. சினிமா டி.வி.டி.க்களுக்கு உலகத்தையே மண்டலம் மண்டலமாகப் பிரித்தார்கள். அமெரிக்கா 1, இந்தியா 5. அங்கே வாங்கிய படம் இங்கத்திய பிளேயரில் ஏறாது. அப்போதும் அதே வசனம். பொருள் மாறியிருக்கிறது, வசனம் மாறவில்லை.

இனி மாமாவின் கைவண்ணங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, ஷார்ட்கட் தானம். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டுவிடுவார். அந்த ஐகானின் இடது மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருப்பது அவர் கண்ணில் படாது. அம்பு இருந்தால் அது வீடியோ இல்லை, வீடியோ இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான். இரண்டரை மணி நேரக் கல்யாணம் 2 கே.பி.யில் வந்து சேரும்.

"என்ன மாமா, ரெண்டே கே.பி.தான் காட்டுது?"

"நம்ம சிஸ்டம் நல்லா கம்ப்ரஸ் பண்ணும்ப்பா."

வேடிக்கை என்னவென்றால், அதே பென் டிரைவை அவர் கம்ப்யூட்டரில் செருகினால் கல்யாணம் ஜாம் ஜாம் என்று ஓடும். விலாசத்தில் சொன்ன வீடு அங்கேதானே இருக்கிறது!

இரண்டாவது, புராஜெக்ட் தானம். இது மாமாவின் மகன் எடிட்டிங் கற்றுக்கொண்ட வீடுகளில் நடப்பது. முடித்த படத்தை எக்ஸ்போர்ட் செய்யாமல், எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு ஃபிரேம் படம்கூட இருக்காது. எந்த கிளிப்பை எங்கே வெட்டி எங்கே ஒட்ட வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். மெனக்கெட்டு அடோபி பிரிமியர் இருக்கிற இடமாகத் தேடிப்போய்த் திறந்தால், சிவந்த திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று பல மொழிகளில் எழுதி வரும். "எடிட்டிங் சூப்பர் இல்ல?" என்று மாமா அன்றைக்கே போன் பண்ணுவார்.

மூன்றாவது, பெயர் மாற்று வைபவம். ஃபைல் திறக்கவில்லை என்றால், அதன் வாலில் இருக்கும் எம்.கே.வி.யை அடித்துவிட்டு எம்.பி.4 என்று எழுதிவிடுவார். "கன்வெர்ட் பண்ணிட்டேன், இப்பப் பாரு" என்பார். ஒரு நொடியில் முடிந்த கன்வெர்ஷன். நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மல்லித்தூள் இருக்கும். அதில் போர்ன்விட்டா லேபிளை ஒட்டினால் மல்லித்தூள் போர்ன்விட்டா ஆகிவிடாது. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. எல்லாம் பாட்டில்கள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சரக்கு. அந்த முறைக்கு கோடெக் என்று பெயர். சரக்கைப் பிரிக்கத் தெரியாத கம்ப்யூட்டரிடம் எந்த லேபிளை நீட்டினாலும் அது கையை விரித்துவிடும்.

நான்காவது, நாலு ஜி.பி. யுத்தம். பல பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க 32 பிட்தான் இடம். ஆகவே தனி ஃபைல் எதுவும் 4 ஜி.பி.யை எட்டக்கூடாது. முகூர்த்தம் மட்டுமே 6 ஜி.பி. இருந்தால், ஃபைல் மிகப் பெரிது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். மாமாவுக்கு ரோஷம் வந்துவிடும். "32 ஜி.பி. பென் டிரைவ், பாதிக்கு மேல காலி. இடமில்லேன்னு பொய் சொல்லுது!" எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும் என்று யாரோ சொல்வார்கள். உடனே செய்துவிடுவார். முகூர்த்தம் ஏறிவிடும். நிரம்பியிருந்த மற்ற பாதியில் பேத்தியின் காதுகுத்து போட்டோக்கள் இருந்தன என்பது மறுநாள் மாமி கேட்கும்போது தெரியவரும்.

ஐந்தாவது, அவசரப் பிடுங்கல். காப்பி ஆகும் பச்சைக் கோடு 97 சதவீதத்தில் நிற்கும்போதே "இனிமே என்ன, முடிஞ்ச மாதிரிதான்" என்று பென் டிரைவை உருவிவிடுவார். எம்.பி.4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. பல கேமராக்கள் அதைக் கடைசியில்தான் எழுதும். ஃபைலின் வால் அறுந்தால் அட்டவணை போயிற்று. 97 சதவீதம் கல்யாணம் உள்ளே இருந்தும் பிளேயர் ஒரு நொடிகூடக் காட்டாது.

இத்தனையும் சொந்தத்துக்குள் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த பென் டிரைவில் நடந்தால்தான் விவகாரம்.

"சம்பந்தி, நீங்க குடுத்த வீடியோ திறக்கமாட்டேங்குதே."

"அப்படியா? எனக்கு ஓடுதே சம்பந்தி!"

"இங்க ஏதோ நம்பர் வருது. பூஜ்யம், எக்ஸ், சி, பூஜ்யம், பூஜ்யம், டி, 5212..."

"அதையெல்லாம் ஏன் படிக்கிறீங்க? மூலையில எக்ஸ் இருக்கும், அதை அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். போயிடுச்சு."

"இப்ப ஓடுதா?"

"இல்லையே. மாப்பிள்ளை வேற எதுலயோ போட்டுப் பார்த்தார். சத்தம் மட்டும் வருது. நாதஸ்வரம் பிரமாதமா கேக்குது. படம்தான் கறுப்பா இருக்கு."

"முகூர்த்தம் விடியக்காலம் நாலரை மணிக்குத்தானே சம்பந்தி. கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும்."

"எங்க வீட்டு ரிசப்ஷனும் கறுப்பா இருக்கே? அது ராத்திரி எட்டு மணிக்கு அவ்வளவு லைட் போட்டு நடத்தினது."

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும்."

அவ்வளவுதான். கம்ப்யூட்டரைச் சொன்னது குடும்பத்தைச் சொன்னதாகப் போய், ஆடிச் சீர் வரைக்கும் அதன் சூடு தணியாது.

உண்மையில் அந்த நம்பர்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கோடெக் இல்லை என்று விண்டோஸ் போடும் எண் அது. மாமாவின் பையன் வாங்கிக்கொடுத்த ஐபோனில் எடுத்த வீடியோ. 2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் எச்.இ.வி.சி. என்ற முறையில் படம் பிடிக்கின்றன. 2013-இல் வந்த முறை அது. 2003-இல் வந்த எச்.264-ஐவிட ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கும். ஆனால் அதன் காப்புரிமைகள் பலர் கையில் இருக்கின்றன, அதற்குக் கட்டணமும் உண்டு. அதனால் விண்டோஸ் வைத்திருக்கும் பல கம்ப்யூட்டர்களில் அதைப் பிரிக்கும் வசதி கூடவே வருவதில்லை. தனியாகப் பணம் கட்டிப் போட வேண்டும். ஒலியைச் சுருக்கிய முறை எல்லா இடத்திலும் பழகியது. ஆகவே நாதஸ்வரம் கேட்டது, மாலை மாற்றியது தெரியவில்லை.

அப்படியானால் மாமா வீட்டில் மட்டும் எப்படி ஓடியது? அவரைக் கேட்டால், "நம்மது அசெம்பிள்டு இல்ல, ஒரிஜினல் பீஸ்" என்பார். காரணம் வேறு. ஏதோ ஒரு தீபாவளி லீவில் வந்த அக்கா பையன், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை. 2001-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். இலவசம். சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கூம்பு, அதுதான் அடையாளம். பெரும்பாலான முறைகளைப் பிரிக்கும் வசதியை அது கையோடு கொண்டுவந்துவிடும். லேபிள் தப்பாக இருந்தாலும் உள்ளே பார்த்து ஓட்டிவிடும். மாமாவின் முப்பது ஐகான்களுக்கு நடுவே அந்தக் கூம்பு நிற்கிறது. அது ஏதோ டிராஃபிக் கேம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவிடம் இன்னொரு குணம் உண்டு. அவர் அனுப்பியது உங்களிடம் ஓடாவிட்டால் குற்றம் உங்கள் கம்ப்யூட்டருடையது. நீங்கள் அனுப்பியது அவரிடம் ஓடாவிட்டால் குற்றம் உங்கள் ஃபைலுடையது. "என்னப்பா அனுப்பினே? உருப்படியா ஒரு வீடியோ எடுக்கத் தெரியல." இந்த நீதியில் ஒருநாளும் தீர்ப்பு அவருக்கு எதிராக வராது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார், அனுமதியைத் திறந்துவிடமாட்டார். நாற்பது சொந்தக்காரர்களின் அனுமதிக் கோரிக்கைகள் அவருடைய மெயிலில் குவிந்து கிடக்கும். மெயிலின் பாஸ்வேர்டு அவருக்கு ஞாபகம் இல்லை.

இப்படியெல்லாம் சொன்னாலும், அவர் இல்லாவிட்டால் அந்த வீடியோ எந்த வீட்டுக்கும் போயிருக்காது. சொந்தக் காசில் பென் டிரைவ்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் குங்குமம் தடவி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தவர் அவர். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை அந்த இரண்டு வார்த்தைச் சாட்சியத்தில்தான். ஒரு வீடியோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் ஓடுவது, அந்தக் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

ஆகவே உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தால், வாதாடாதீர்கள். கோபித்துக்கொள்ளாமல் வருகிற நம்பரை அப்படியே எழுதிவையுங்கள். ஃபைல் எத்தனை எம்.பி. என்று பாருங்கள், வி.எல்.சி.யில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கல்யாணங்கள் அந்த மூன்றிலேயே திறந்துவிடும். நீங்களே அந்த மாமாவாக இருந்தால், ஐபோன் கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், காப்பி முழுதாக முடிகிறவரை பென் டிரைவில் கை வைக்காதீர்கள். ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு முன்னால், அதைப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி ஐந்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். அங்கே தாலி கட்டுவது தெரிந்தால், தைரியமாகச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பலாம்.