74 மாஸ்ரர்

மாதக் கடைசி நாள் விடியக்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவில் மாஸ்ரர் செருமுவார். முதலாவது குரல்பதிவில் செருமல் மட்டும்தான் இருக்கும். இரண்டாவதில், "எல்லாருக்கும் காலை வணக்கம். இனி இந்த மாத அறிக்கை" என்பார். அதற்குப் பிறகு எத்தனை பதிவு வரும் என்பது அவர் அந்த மாதம் எத்தனை படம் பார்த்தார், எத்தனை இலை தின்றார் என்பதைப் பொறுத்தது.

ஐந்து மணி என்பது இங்கிருக்கும் எங்களுக்கு. லண்டன்காரருக்கு அது நடுச்சாமம். ரொறன்ரோவில் அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்குக் குந்தியிருப்பார்கள். ஒழுங்கையில் பாதிப்பேர் இப்போது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். குழுவை விட்டு ஒருவரும் விலகுவதில்லை. விலகினால் அட்மினுக்குப் பெயரோடு காட்டிக்கொடுத்துவிடும். அட்மின் மாஸ்ரர்தான். அடுத்த அரை மணித்தியாலத்தில் மாஸ்ரர் சைக்கிளில் போய், விலகியவரின் தாயின் படலையைத் தட்டி, "பெடியனுக்கு என்னோட என்ன கோபம்?" என்று கேட்பார்.

ஊரைச் சொல்லமாட்டேன். கோண்டாவிலிலும் இவர் இருக்கிறார், கரவெட்டியிலும் இருக்கிறார். ஸ்காபரோவில் இருப்பவருக்குக் குளிர் அங்கி மட்டும் கூடுதல். பென்சன், லுமாலா சைக்கிள், வெள்ளிக்கிழமைக் கோயில், பேப்பரைப் பின்பக்க மரண அறிவித்தலில் இருந்து வாசிக்கத் தொடங்குவது எல்லாம் மாஸ்ரர்மார் எல்லாருக்கும் பொது. அவற்றைத் தாங்கலாம். தாங்க முடியாதது அறிக்கை. பார்த்த படம், கேட்ட பாட்டு, குடித்த கஞ்சி, நடந்த நடை, கொண்ட நித்திரை, வயிறு போன விதம் ஈறாக ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்.

அந்தப் புள்ளி எப்போதும் 74.

இலங்கையில் பரீட்சை எழுதியவருக்கு இதன் கொடுமையை விளக்கத் தேவையில்லை. 75 என்றால் ஏ. 74 என்றால் பி. விஞ்ஞான ஆசிரியராக இருந்த முப்பது வருடத்துக்கு மேலான காலத்தில், பிள்ளைகளை ஏ வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் அங்கே கதவைச் சாத்துவதையே அவர் ஒரு கலையாக வளர்த்திருந்தார். எனக்கும் ஒரு தவணைப் பரீட்சையில் அதுதான் விழுந்தது. எந்த விடை பிழை என்று கேட்டேன். "ஒண்டும் பிழையில்லை. 75 தந்தால் பேந்து நீ படிக்கமாட்டாய், பிள்ளை" என்றார்.

தமிழ்ச் சினிமாவுக்கும் இதே நியாயம்தான். 75 கொடுத்தால் பேந்து அவங்கள் நல்ல படம் எடுக்கமாட்டாங்களாம்.

2024இல் 'மெய்யழகன்' வந்தது. யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதி கார்கில்ஸ் கட்டடத்துத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து ஆறு பதிவு போட்டார். சொந்தம் என்றால் என்ன, தஞ்சாவூர்க்காரர் சைக்கிளை எப்படி மதிக்கிறார்கள், நம்முடைய பிள்ளைகள் ஏன் மதிப்பதில்லை என்றெல்லாம் போய், கடைசியில் 74. குறைந்த புள்ளி நீளத்துக்காம். படம் வெளியான சில நாளிலேயே இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார். செய்தியைக் குழுவில் போட்டோம். வரலாற்றில் முதல்முறையாக ஒரு 75 விழப்போகிறது என்று ஒஸ்லோவில் இருந்துகூட ஒருவர் விழித்திருந்தார். மாஸ்ரரின் தீர்ப்பு வந்தது: "ரீகரெக்சன் செய்தாச்சு. நீளத்துக்கு வெட்டின ஒரு புள்ளியைத் திருப்பித் தாறன். ஆனால் இதை முதலே செய்திருக்க வேணும். பிந்தினதுக்கு ஒரு புள்ளி குறைக்கிறன். 74."

அடுத்த வருடம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பொருளாதார நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து கடலால் ராமேஸ்வரம் போய் இறங்கும் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நம்முடைய தமிழ் கதைக்கிறார்கள் என்றதும் மாஸ்ரர் வினாத்தாளை இரண்டாகப் பிரித்துவிட்டார். பகுதி ஒன்று கதை, பகுதி இரண்டு உச்சரிப்பு. இருட்டில் பென்சிலும் துண்டுமாக இருந்து எழுதினார் என்று பக்கத்துச் சீட்டில் இருந்தவர் சாட்சி. சிம்ரன் வடக்கத்தியப் பிள்ளை என்பதால் சலுகைப் புள்ளி உண்டு, சசிகுமார் மதுரைக்காரர் என்பதால் இல்லை. 'தெனாலி'யில் கமல்ஹாசன் கதைத்தது எங்கள் தமிழா இல்லையா என்று 2000ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கு ஒழுங்கையில் இன்னும் முடியவில்லை. இந்தப் படத்தோடு அதுவும் மறுபடி விசாரணைக்கு வந்து, ஸ்காபரோவில் இரண்டு வீட்டார் கொஞ்சக் காலம் கதைக்காமல் இருந்தார்கள். இரண்டு பகுதியையும் மாஸ்ரர் கூட்டிப் பார்த்தார். என்ன வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தனைக்கும் இடைவேளைக்குப் பிறகு அவர் நித்திரை. நித்திரை அறிக்கையில் தனிப் பாடம். "இந்த மாதம் பகல் நித்திரை நல்லா வந்தது" என்பார். எங்கே வந்தது என்பது அவரோடு படம் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்.

பழைய தியேட்டர்களின் பேரைச் சொல்லாமல் எந்த அறிக்கையும் முடியாது. வெலிங்டன், ரீகல், வின்சர், ராணி, லிடோ, மனோகரா என்று தேவாரம் மாதிரி ஒரே மூச்சில் வரும். ஸ்ரீதர் தியேட்டர் ஒரு கட்சியின் அலுவலகமாகப் பல காலம் கிடந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். 1978இல் சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்', அதே வருடம் வந்த எங்கள் 'வாடைக்காற்று' இரண்டையும் போற்றாத மாதமில்லை. போற்றுவார், புள்ளியை ஏற்றமாட்டார். மார்ச் மாதத்தில் படத்துக்குப் பதில் வடக்கின் பெரும் சமர் என்னும் கிரிக்கெட். 1904இலிருந்து முட்டிக்கொள்ளும் சென் ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் ஆளுக்கு 74 கொடுப்பார். அவர் படித்தது இந்துக் கல்லூரியில். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் படமும் இல்லை, மச்சமும் இல்லை. நாதஸ்வரக்காரருக்கு மட்டும் சோதனை.

இனி ஆரோக்கியம். நாளுக்கு 10,000 அடி நடக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அது 1965இல் யப்பானில் ஒரு கம்பனி இடுப்பில் கட்டும் நடைமானியை விற்பதற்காகப் பிடித்த எண், ஆராய்ந்து வந்த கணக்கல்ல என்று மருத்துவபீடத்தில் படிக்கும் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி குழுவில் எழுதினாள். "நல்ல தகவல். 74" என்று பதில் வந்தது. போனைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு லுமாலாவில் எங்கள் ஒழுங்கையால் போனால் ஒவ்வொரு குழிக்கும் போன் ஓர் அடி எழுதிக்கொள்ளும். ஒழுங்கைக்குத் தார் போட்டால் மாஸ்ரரின் உடல்நலம் அந்த மாதமே கெட்டுவிடும்.

சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு, மாதத்துக்கு ஒருதரம் கீரிமலை, ஞாயிறு ஒடியல் கூழ். இவை எல்லாவற்றுக்கும் மேல் இலைக்கஞ்சி. முல்லை, முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, முடக்கொத்தான், சிவப்பரிசி, தேங்காய்ப்பால். இலைகளின் குணத்தைச் சொல்லும்போது மனிசன் அப்படியே இளகிப்போவார். முடக்கொத்தான் மூட்டுக்கு, தூதுவளை சளிக்கு, பின்னேரம் வல்லாரைச் சம்பல் ஞாபகசக்திக்கு. பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருப்பவர்கள் குழுவில் நிறையப்பேர். ஆளாளுக்கு ஓர் இலை எழுதிக்கொடுப்பார். பாரிசில் லா சப்பலில் முசுட்டை கிடைக்குமா என்று ஒருவர் பகிடியாகக் கேட்டதற்கு, தேடாதவனுக்குக் கிடைக்காது என்று இரண்டு பதிவு போட்டார்.

ஆள் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வீட்டில் ஒரு கொப்பியைக் கண்டேன்.

அது பழைய சி.ஆர். கொப்பி. 1993ஆம் ஆண்டுக்குரியது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு தீபகற்பத்துக்குக் கரண்ட் இல்லை. பற்றரி தடைப்பட்டியலில். ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட காலம். அப்போதும் மாஸ்ரர் மாதக் கணக்கு எழுதியிருக்கிறார். திகதி, நிலையம், பாட்டு, புள்ளி. திருச்சி வானொலி, 90. கொழும்பு, 95. பழைய சுசீலா பாட்டு ஒன்றுக்கு 98. "இரைச்சல், பாதிதான் விளங்கியது" என்று எழுதிய பாட்டுக்கும் 92. ஏயைத் தவிர வேறொன்றும் அந்தக் கொப்பியில் இல்லை. உடம்பைப் பற்றிய வரிகளும் உண்டு. சவர்க்காரம் கிடைத்தது, கிணற்றுக் குளிப்பு, 95. பொம்பர் வரவில்லை, நித்திரை, 100.

அவர் வாழ்க்கையில் போட்ட ஒரேயொரு 100 அதுவாகத்தான் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையில் இந்தக் கொப்பியும் போயிருக்கிறது. அதைக் கேட்டபிறகு அவருடைய குரல்பதிவுகளை வேகம் கூட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கொப்பியை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது தேத்தண்ணியோடு வந்த மாஸ்ரரின் மனைவி, எங்கள் அன்ரி, எட்டிப் பார்த்தார்.

"உதெல்லாம் நான் சுத்தினது, பிள்ளை. கை ஓய்ஞ்சால் பாட்டு நிண்டிடும். நிண்டால் ஏச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கொப்பியில் நிலையத்தின் பேர் இருக்கிறது, பாடகியின் பேர் இருக்கிறது. சுற்றியவரின் பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாத அறிக்கையிலும் இல்லை. இலைக்கஞ்சி தானாகக் காய்வதில்லை. விடியச் சாமத்தில் ரோச் லைற்றோடு வேலிக்கரையில் இலை ஆய்வது, புழு பார்த்துக் கழுவி அரைப்பது, திருவலையில் குந்தித் தேங்காய் துருவுவது எல்லாம் அன்ரி. ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணீர் மாற்றிக் கசப்பு எடுப்பதும், சனிக்கிழமைக்குச் சீயாக்காய் அவித்துத் தேசிக்காய் விட்டு வைப்பதும் அவரே. மாஸ்ரர் செய்யும் உடற்பயிற்சி கிண்ணத்தைத் தூக்குவது. முடக்கொத்தான் மூட்டுக்கு நல்லதுதான். மூட்டு நோவு அன்ரிக்கு. எல்லாருக்கும் வார்த்துவிட்டு அவர் குந்தும்போது பானையில் அடிவண்டல்தான் இருக்கும். வல்லாரை ஞாபகத்துக்கு என்று மாதாமாதம் சொல்கிறவருக்கு அதை அரைத்தவரை மட்டும் ஞாபகம் வருவதில்லை.

கஞ்சிக்கு ஏன் எப்போதும் ஒரு புள்ளி குறைகிறது என்று ஒருநாள் கேட்டேன். "உப்புக் காணாது" என்றார் மாஸ்ரர். அவருக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அவர் குறைக்கமாட்டார் என்பதால் அன்ரி சொல்லாமல் குறைக்கிறார். அவருடைய உயிரைப் பிடித்து வைத்திருக்கும் அந்த அரைக்கரண்டிக்குத்தான் அவர் புள்ளி வெட்டுகிறார்.

அன்ரி குழுவில் இல்லை. அவருக்கென்று தனிப் போன் கிடையாது. அவருக்கு எந்தப் படம் பிடிக்கும், என்ன பாட்டுப் பிடிக்கும் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக எப்போது தியேட்டருக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வெலிங்டன் இருந்த காலம் என்றார்.

உங்கள் குழுவிலும் இப்படி ஒரு மாஸ்ரர் இருப்பார், இல்லாமல் இருக்க வழியில்லை. அடுத்த மாதக் கடைசியில் அறிக்கை முழுவதையும் பொறுமையாகக் கேளுங்கோ. முடிந்ததும் ஒரேயொரு கேள்வியைக் குழுவிலேயே, எல்லாரும் பார்க்கப் போடுங்கோ: "கஞ்சி காய்ச்சினவவுக்கு எத்தினை, மாஸ்ரர்?" 74 என்று பதில் வந்தால் விடாதேங்கோ. ரீகரெக்சனுக்குப் போடுங்கோ.